பெங்களூரு பால்கனியில் நரிவால் ஆர்க்கிட்: ஏழு வருட அனுபவம்

சேலத்திலிருந்து அம்மா வந்திருந்தார். பால்கனியில் தொங்கிக்கொண்டிருந்த மாமரக் கட்டையையும் அதில் ஒட்டிக்கொண்டிருந்த செடியையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், "ஏன் கண்ணு, இதற்கு மண் எங்கே?" என்று கேட்டார். மண் தேவையில்லை என்றேன். "அப்படியானால் எதைக் குடித்து உயிர் வாழ்கிறது?" என்றார். சொல்வதைவிடக் காட்டிவிடலாம் என்று தெளிப்பானை எடுத்து வேர்களின்மேல் தண்ணீர் அடித்தேன். காய்ந்த விபூதிக் கட்டிபோல வெளுத்துக் கிடந்த வேர், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திட்டுத்திட்டாகக் கறுத்து, பிறகு முழுவதும் பச்சையாக மாறியது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அம்மா உள்ளே போய் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து, "பக்கத்து வேருக்கும் அடி, பார்க்கலாம்" என்றார்.

இந்தச் செடியை வளர்க்க நினைக்கும் யாரிடமும் நான் முதலில் இதைத்தான் செய்து பார்க்கச் சொல்கிறேன். வேர் வெளுத்திருந்தால் காய்ந்திருக்கிறது. பச்சையாக இருந்தால் நனைந்திருக்கிறது. வேரின் மேல் இறந்துபோன உயிரணுக்களால் ஆன பஞ்சு போன்ற உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிறைந்து வெள்ளையாகத் தெரியும். தண்ணீர் ஏறியதும் உறை கண்ணாடி போலாகி, உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். நனைய வேண்டும், பிறகு காய வேண்டும், மறுபடி நனைய வேண்டும். இந்தச் சுழற்சியில்தான் செடி பிழைக்கிறது. இதைப் புரிந்துகொள்வதற்கு முன்னால் ஒரு செடியைச் சாகடித்தேன். புரிந்த பிறகும் இன்னொன்றைக் காப்பாற்ற முடியவில்லை.

இதன் அறிவியல் பெயர் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா. நாற்றுப்பண்ணைகளில் நரிவால் ஆர்க்கிட் என்று கேட்டால் தெரியும். இலங்கை, மேற்குத் தொடர்ச்சி மலை, இமய மலையடிவாரம், வடகிழக்கு மாநிலங்கள் தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை மரக்கிளைகளில் தொற்றி வாழ்கிறது. தொற்றி வாழ்கிறது என்றால் புல்லுருவியைப் போல மரத்தின் சாற்றை உறிஞ்சுவது அல்ல. மரம் இதற்கு உட்காரும் இடம், அவ்வளவுதான். மழை, பனி, காற்றில் வரும் தூசி, மரப்பட்டையின் இடுக்கில் மட்கும் சருகு ஆகியவற்றிலிருந்து கிடைப்பதே உணவு.

நான் பெங்களூருக்கு வந்து 22 வருடங்கள் ஆகின்றன. அல்சூரில் மூன்றாம் மாடி வீடு, கிழக்குப் பார்த்த பால்கனி. 2018 ஜூலையில் சாலையோரத்தில் கூடை வைத்து விற்றவரிடம் முதல் செடியை வாங்கினேன். மரப்பட்டைத் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பாதி வேர்கள் ஒடிந்திருந்தன. நல்ல மண் கொடுத்தால் தேறிவிடும் என்று செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து, தொட்டியில் வேரையெல்லாம் புதைத்து நட்டேன். நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளடித்து உதிர்ந்தன. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால், வேர்களின் மேலுறை ஈரக் காகிதம்போல் உரிந்துகொண்டு வந்தது. உள்ளே நூல் மட்டும் மிச்சம். காற்றில் தொங்கவேண்டிய வேரை மூச்சுமுட்ட வைத்துவிட்டேன்.

அந்தத் தொட்டியை நான் குப்பைக்கு எடுத்துப் போகும்போது எதிர் வீட்டு அசாமியப் பெண் பார்த்தாள். "அக்கா, இது எங்கள் ஊர்ப் பூ அல்லவா?" என்றாள். அவள் ஊரில் இதற்குக் கொபௌ பூல் என்று பெயர். அசாமின் மாநில மலர் இது. அருணாசலப் பிரதேசத்துக்கும் இதுவே. ஏப்ரல் நடுவில், நாம் சித்திரைப் புத்தாண்டு கொண்டாடும் அதே நாட்களில், அங்கே ரொங்காலி பிஹு. ஆடும் பெண்கள் இந்தப் பூச்சரத்தைக் கொண்டையில் சுற்றிக்கொள்வார்கள். தன் பாட்டி வீட்டுப் பலாமரத்தில் ஏழெட்டுச் செடிகள் உண்டு என்றும், அவற்றுக்கு யாரும் எதுவும் போட்டதில்லை என்றும் சொன்னாள். "மழை வந்தால் நனையும், வெயில் வந்தால் காயும். அவ்வளவுதான் அக்கா." எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம் அந்த ஒரு வரியில் இருந்தது.

பெயர்களைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது. கர்நாடகத்தின் மலைநாட்டுப் பகுதிகளில் இதைச் சீதாளெ தண்டே என்கிறார்கள். தண்டே என்றால் பூச்சரம். டச்சு அதிகாரி வான் ரீட் மலையாளக் கரைத் தாவரங்களைத் தொகுத்த ஹோர்டஸ் மலபாரிகஸ் என்ற நூல் ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் 1693இல் வந்த கடைசித் தொகுதியில் இந்தச் செடி ஆஞ்சிலி மரவாழை என்ற பெயரில் படத்தோடு இருக்கிறது. ஆஞ்சிலி என்பது நாம் அயினிப்பலா என்று சொல்லும் மரம். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு லத்தீன் பெயர் வைத்தபோது ரெட்யூசா என்ற சொல்லைச் சேர்த்தார். நுனி மழுங்கி உள்வாங்கியது என்று பொருள். செடியை வாங்கிய புதிதில், எல்லா இலைகளின் நுனியும் யாரோ கத்தரித்ததுபோல் கோணலாக வெட்டுப்பட்டிருப்பதைக் கண்டு ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று பயந்து வேப்பெண்ணெய் தெளித்தேன். இலையின் இயல்பே அதுதான். உங்கள் செடியிலும் அப்படி இருந்தால் மருந்து எதுவும் வேண்டாம்.

2019இல் அம்மாவைப் பார்க்கப் போனபோது ஏற்காட்டுக்கும் போய்வந்தேன். இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிடேரியம் அங்கேதான் இருக்கிறது. அங்கே தொற்று ஆர்க்கிட்களின் வேர்கள் மூடப்படாமல் வெளியே ஓடுவதைப் பார்த்தபோது, நான் புதைத்த செடி நினைவுக்கு வந்து வருத்தமாக இருந்தது. திரும்பி வந்ததும் இந்தமுறை சரியான இடத்தில் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

வாங்குவதைப் பற்றி நான் கண்டிப்பாகவே பேசுவேன். கூடையில், பட்டையோடு, ஒடிந்த வேரோடு விற்கப்படும் செடி பெரும்பாலும் காட்டிலிருந்து பிய்த்து வந்தது. அதை வாங்கினால் நம் பணம் இன்னொரு மரத்திலிருந்து இன்னொரு செடியைப் பிய்க்க வைக்கும். ஆர்க்கிட் விதை தூசு அளவு. முளைக்கத் தேவையான உணவு அதற்குள் கிடையாது. காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் துணை கிடைத்தால் மட்டுமே முளைக்கும். விதை கோடிக்கணக்கில் பறந்தாலும் செடியாவது மிகச் சில. அப்படி வந்த ஒன்றைப் பிடுங்குவது எனக்கு ஒப்பவில்லை. முதல் செடியை நான் அறியாமல் வாங்கினேன். இனி வாங்கமாட்டேன். ஆய்வகத்தில் சத்துக்கூழில் முளைக்கவைத்து வளர்த்த செடிகளைக் கேரளத்திலும் வடகிழக்கிலும் உள்ள பண்ணைகள் விற்கின்றன. சிறிய பிளாஸ்டிக் கிண்ணத்தில், வேர் உடையாமல், ஒரே அளவில் வரும். விலை கூடுதல், பூக்க மூன்று, நான்கு வருடங்கள் காத்திருக்கவும் வேண்டும். 2019 நவம்பரில் அப்படி மூன்று செடிகள் வரவழைத்தேன்.

குளிர்காலம் முழுவதும் அவற்றைக் கிண்ணத்திலேயே விட்டுவைத்தேன். கட்டையில் ஏற்றச் சரியான காலம் மழை தொடங்கும் நேரம். அப்போதுதான் புது வேர் நுனிகள் பச்சையாக நீண்டுவரும். நீளும் வேர்தான் கட்டையைப் பற்றும், பழைய வேர் பற்றாது. 2020 மே மாத மழையில் எங்கள் தெருவில் மாங்கிளை ஒன்று முறிந்து விழுந்தது. அதில் முழங்கை நீளத்துக்கு மூன்று துண்டுகள் வெட்டிக் காயவைத்தேன். பட்டை சொரசொரப்பாக, உரியாமல் நிற்கும் மரமாக இருக்கவேண்டும். மாமரம், பலா, காப்பிக் கட்டை எல்லாம் நல்லது. யூக்கலிப்டஸ் பட்டை உரிந்து விழும். அதோடு செடியும் விழும்.

செடியை வைத்து, வேர்களுக்கு அடியில் ஒரு கைப்பிடி தேங்காய் நார், அதற்குமேல் பழைய வேட்டியிலிருந்து கிழித்த நீளத் துணி. ஆடாமல் இறுகக் கட்டவேண்டும், ஏனென்றால் செடி ஆடினால் இளம் வேர் நுனி உரசி நின்றுவிடும். செம்புக் கம்பி மட்டும் வேண்டாம், ஆர்க்கிட் வேருக்கு ஆகாது. பருத்தித் துணி சில மாதங்களில் மட்கிவிடும். அதற்குள் வேர் கட்டையைப் பிடித்துக்கொள்ளும். என் செடிகளில் துணி இற்று விழுந்த இடத்தில் இப்போது சுண்டுவிரல் தடிமனுக்கு வேர்கள் பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கின்றன. நகத்தால் நெம்பினாலும் வராது.

கட்டை வேண்டாம் என்றால் தேக்குச் சட்டக் கூடையில் பெரிய கரித்துண்டுகளைப் போட்டும் வளர்க்கலாம். எதில் வைத்தாலும் அங்கேயே விட்டுவிடவேண்டும். இடம் மாற்றினால் வேர் அறுந்து, ஒரு வருடப் பூ, சில சமயம் இரண்டு வருடப் பூ போய்விடும்.

தண்ணீர்தான் பெங்களூரில் இதை வளர்ப்பதன் கஷ்டம். ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். வெப்பம் இந்தச் செடிக்கு மிகவும் ஏற்றது. ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் காற்று வறண்டு உதடு வெடிக்கும். கட்டையில் இருக்கும் செடி அந்தக் காற்றில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. கோடையில் காலை ஆறரை மணிக்கு வேரெல்லாம் பச்சையாகும்வரை அடிப்பேன். ஐந்து நிமிடம் விட்டு மறுபடி அடிப்பேன். காய்ந்த பஞ்சின்மேல் ஊற்றிய முதல் தண்ணீர் வழிந்தோடிவிடும். இரண்டாவதுதான் உள்ளே இறங்கும். இந்த இரண்டாம் முறையைச் சேர்த்த வருடத்திலிருந்துதான் என் செடிகள் தெளிந்தன. மாலை நாலு மணிக்குள் வேருக்கு மட்டும் லேசாக ஒருமுறை. ஜூன் முதல் அக்டோபர் வரை வானத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். டிசம்பர், ஜனவரியில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. அந்தக் குளிரும் வறட்சியும் இருந்தால்தான் பிறகு பூ வரும் என்பது என் அனுபவம். ஆனால் இலை சுருங்கி நெளியும் அளவுக்கு விடக்கூடாது.

மழைக்காலத்தில் வேறொரு ஆபத்து. 2021 அக்டோபரில் பத்து நாள் விடாமல் மழை. மூன்று செடிகளில் ஒன்றை நான் நிமிர்ந்து நிற்கும்படி கட்டியிருந்தேன். அதன் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. ஒருநாள் காலை குருத்து இலையைத் தொட்டேன். அடியில் கொழகொழவென்று அழுகி, கையோடு வந்துவிட்டது. புளித்த வாடை. இந்த இனம் ஒரே குருத்தாக மேல்நோக்கி வளர்வது. குருத்து போனால் பெரும்பாலும் செடி போனதுபோலத்தான். அழுகலை வெட்டியெடுத்து இலவங்கப்பட்டைத் தூள் வைத்தும் பிழைக்கவில்லை. மற்ற இரண்டும் கட்டையின் பக்கவாட்டில் சாய்ந்து தொங்கியதால் தண்ணீர் தானாக வழிந்து தப்பித்தன. காட்டில் கிளையின் பக்கத்திலும் அடியிலும் சாய்ந்தே இருக்கும் செடி இது. தொட்டியில் நிமிர்த்தி வைப்பது நம் பழக்கம்.

வெளிச்சத்துக்குப் பெரிய கணக்கு வேண்டாம். இலை கரும்பச்சையாக, மினுமினுவென்று அழகாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, பூக்காது. சற்று மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கவேண்டும். என் பால்கனியில் காலை வெயில் பத்தரை வரை விழுகிறது. மார்ச் முதல் மே வரை 50 சதவீத நிழல்வலை கட்டிவிடுவேன். சந்தேகம் வந்தால் இலையைத் தொட்டுப் பாருங்கள். உங்கள் கையைவிடச் சூடாக இருந்தால் உள்ளே தள்ளி வையுங்கள். உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது), ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், வாரம் ஒருமுறை, மார்ச் முதல் செப்டம்பர் வரை. வேரை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் உரநீர். மோர், அரிசி கழுவிய நீர், பஞ்சகவ்யம் எல்லாம் மண்ணில் இருக்கும் செடிகளுக்குக் கொடுங்கள். மொட்டை வேரின்மேல் ஊற்றினால் புளித்துப் பூஞ்சை பிடிக்கிறது.

2023 மார்ச் மாதம். இலைக்கக்கத்தில் ஏதோ பச்சையாக எட்டிப் பார்த்தது. இன்னொரு வேர் என்றுதான் முதலில் நினைத்தேன். வேர் நுனி உருண்டு, வழவழப்பாக, எண்ணெய் தடவியதுபோல் மின்னும். இது தட்டையாக, குழந்தையின் கையுறைபோல் ஒன்றன்மேல் ஒன்று மடிந்த செதில்களோடு இருந்தது. பத்து நாளில் கீழ்நோக்கி வளையத் தொடங்கியது. வேர் இல்லை, பூந்தண்டு. எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவள் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் எதுவும் பேசவில்லை. பிறகு ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்கு வீடியோ அழைப்பு போட்டுக் காட்டினாள். பிஹுவுக்குள் விரியுமா என்று அவர்கள் கேட்டார்கள். விரியவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைப் போலவே இங்கேயும் மே மாதம்தான் பருவம். லால்பாக்கில் ஜனவரி, ஆகஸ்ட் மலர்க் கண்காட்சிகளுக்குப் போகிறவர்கள் இதைப் பூவோடு காண்பது அரிது என்பதற்கும் இதுவே காரணம்.

மே 14ஆம் தேதி மேலிருந்து முதல் பூ விரிந்தது. மொத்தம் 47 பூக்கள். ஒன்றரைச் சாண் நீளம், சடையில் கட்டிய குஞ்சலம்போல் தொங்கியது. ஒவ்வொரு பூவும் நகத்தளவுதான். மெழுகு வெள்ளை இதழ்களில் ஊதாப் புள்ளிகள், நடுவில் அடர்ந்த இளஞ்சிவப்பு உதடு, அதற்குமேல் பறவை அலகுபோல் ஒரு முனை. ரிங்கோஸ் என்றால் கிரேக்கத்தில் அலகு. வெயில் ஏறும் வேளையில் குனிந்து முகர்ந்தால் மெல்லிய வாசம் உண்டு. 18 நாட்கள் இருந்தது.

அடுத்த வருடம் பூக்கவில்லை. 2024 கோடையில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. டேங்கர் லாரிக்காகக் காத்திருந்தோம். குடிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்ற மனம் வரவில்லை. சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிகளுக்கு ஊற்றுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் ஊற்றினேன். செம்பருத்தி, துளசிக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. ஆர்க்கிட்டுக்கு மூன்றே வாரத்தில் வேர் நுனிகள் பழுப்பாகி, பிறகு கறுத்துச் சுருங்கின. வேரின்மேல் உப்புப் பூத்தது. இரண்டு அங்குலம் வந்திருந்த பூந்தண்டு காய்ந்துபோனது. உப்பு அளக்கும் சிறிய மீட்டர் ஒன்றை வாங்கி அளந்தேன். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் எங்கள் டேங்கர் தண்ணீர் 780; சுத்திகரித்தது 60; கழிவுநீர் 1,400க்கு மேல். தண்ணீரில் இருந்த உப்பையெல்லாம் திரட்டி, மழைநீருக்குப் பழகிய வேரில் ஊற்றியிருக்கிறேன். மண் இருந்தால் கொஞ்சம் தாங்கும். இதற்கு மண் இல்லை.

அன்றிலிருந்து நாளுக்கு ஒரு லிட்டர் சுத்திகரித்த தண்ணீரை இரண்டு செடிகளுக்கும் பங்கிட்டேன். அடியில் தட்டு வைத்து வடிந்ததைத் துளசிக்கு ஊற்றினேன். மே மாத மழை வந்ததும் பால்கனி ஓரத்தில் 40 லிட்டர் டிரம் வைத்து மழைநீர் பிடித்தேன். அது இப்போதும் இருக்கிறது. மாடிக் குழாயிலிருந்து வரும் முதல் மழையைப் பிடிக்கக்கூடாது, தூசும் பறவை எச்சமும் கலந்திருக்கும். இந்த ஊரில் ஆர்க்கிட் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் செடிக்கு முன்னால் அந்த மீட்டரை வாங்கவேண்டும் என்பேன். சில நூறு ரூபாய்தான்.

கறுத்த வேர்களை நான் வெட்டவில்லை. ஜூலையில் அவற்றின் பக்கவாட்டிலிருந்து புதுக் கிளைவேர்கள் கிளம்பின. 2025 மே மாதம் ஒரு செடியில் இரண்டு சரங்கள், நீளமானதில் 80க்கு மேல் பூக்கள். எதிர் வீட்டுப் பெண்ணுக்கு ஒன்றை வெட்டிக் கொடுத்தேன். ஒரு மாதம் பிந்திய பிஹு என்று சொல்லிக் கொண்டையில் சுற்றிக்கொண்டு அலுவலகம் போனாள்.

அந்தச் செடியின் அடியில் இப்போது ஒரு பக்கக் கன்று வந்திருக்கிறது. இந்த இனத்தில் அது அடிக்கடி நடப்பதில்லை. மூன்று இலை, ஒரு வேர். வேர் நான்காகும்வரை பிரிக்கமாட்டேன். அம்மா தனக்கென்று சொல்லிவைத்திருக்கிறார். சேலத்து வீட்டுக் கொல்லையில் மாமரத்தின் கிழக்குக் கிளையில், காலை வெயில் மட்டும் படும் இடத்தை அவரே பார்த்துவைத்துவிட்டார். பழைய வேட்டியும் எடுத்து வைத்திருக்கிறாராம். வருகிற மழைக்குக் கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன்.